பாதி வேலையில் மாறிய பிரைமர்

ஏலப்பாறையில் ஜீப் வண்டி ஆடம்பரப் பொருளன்று. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையை விட்டு விலகி, தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு ஏறும் கற்பாதைகளில் நோயாளியும் மூட்டையும் அதனையே நம்பியிருப்பதை நேயர்கள் பலர் அறிவார்கள். 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த பழைய வண்டிகளில் இயந்திரத்தைப் பழுது பார்த்துவிடலாம். மலை மழையில் முதலில் மடிவது தகடுதான். அத்தகடு வேலையில் நாம் கண்ட ஓர் இடறலை இன்று சொல்ல முன்வந்தோம்.

ஒரு கோடையில் நமது ஜீப்பின் பாடியைக் கழற்றினோம். துருவைச் சுரண்டி, உளுத்த பகுதியை வெட்டியெறிந்து, புதுத் தகடு பற்றவைத்து, எபாக்சி பிரைமர் அடித்தோம். மட்கார்டுகளும் பானெட்டும் முடிந்தன. தளமும் பின்கதவும் எஞ்சியிருக்கையில் டப்பா காலியாயிற்று. ஹார்டனர் மாத்திரம் சிறிது மிஞ்சியிருந்தது. கடையில் அந்தப் பெயருள்ள சரக்கு இல்லை. வேறொரு நிறுவனத்தின் எபாக்சியை வாங்கினோம். அதற்குரிய ஹார்டனருக்குத் தனி விலை.

“இரண்டும் எபாக்சிதானே, ஐயா” என்றார் மேஸ்திரி. நமது சிக்கனமும் அதற்குத் தலையசைத்தது. பழைய ஹார்டனரையே ஊற்றினோம். மூன்றாம் நாளும் தளம் விரலில் ஒட்டியது. வானம் கறுத்துக்கொண்டிருக்க, அடித்ததனைத்தையும் சுரண்டியெடுத்தோம். வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் கூலி இழந்த நாள்.

காரணம் யாதெனில், எபாக்சி பிரைமர் காற்றில் உலர்வது மட்டுமன்று; ஹார்டனருடன் இரசாயன முறையில் பிணைந்து கெட்டியாவது. ஒருவர் நான்கு பங்குக்கு ஒரு பங்கு கலக்கச் சொல்வார். மற்றொருவர் சரிபாதி என்பார். அளவு தவறினால் பிணைப்பும் தவறும். ஆகையால் பிரைமர், ஹார்டனர், தின்னர் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தார். ஒருவரை மாற்றினால் மூவரையும் மாற்றுக.

அப்படியானால், முன்னர் அடித்து இறுகிய மட்கார்டுகளின் கதி என்ன? அவற்றைச் சுரண்ட வேண்டியதில்லை. நன்கு இறுகிய எபாக்சியின் பளபளப்பை உப்புத்தாளால் போக்கித் துடைத்துவிட்டால், மற்றொரு நிறுவனத்தின் எபாக்சி பெரும்பாலும் அதன்மேல் பிடிக்கும். நாம் அஞ்சவேண்டியது பெயர் மாற்றத்தையன்று, இனம் மாற்றத்தையே. சாதாரண ரெட் ஆக்சைடின்மேல் காரமான தின்னர் கலந்த பூச்சை அடித்தால், அடிப்பூச்சு சுருங்கி எழும்பிவிடும். அமிலங்கலந்த எட்ச் பிரைமரின்மேல் எபாக்சி அடிப்பதையும் பல தயாரிப்பாளர்கள் விலக்குகிறார்கள்; அமிலம் ஹார்டனரின் வேலையைக் கெடுத்துவிடும். பாலியெஸ்டர் பட்டிக்கும் அவ்வமிலத்துக்கும் ஒத்துக்கொள்ளாது.

பழைய பூச்சின் இனம் தெரியாவிடில் சோதனை எளிது. என்.சி. தின்னரில் நனைத்த துணியை ஓரிடத்தில் ஓரிரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். பூச்சு இளகித் துணியில் வந்தால், அதன்மேல் காரமான எதையும் ஏற்றலாகாது. அசையாது நின்றால், பானெட்டின் உட்புறத்தில் உள்ளங்கையளவு புதுப் பிரைமரை அடித்து ஒரு நாள் பொறுங்கள். இதைச் செய்ய நமக்கு அன்று பொறுமை இருக்கவில்லை.

மழைக்குப் பயந்து, ரெட் ஆக்சைடு மட்டும் அடித்த தகட்டை மூடுபனியில் மாதக்கணக்கில் விட்டுவைப்போரும் உண்டு. அது ஈரத்தை முற்றிலும் தடுப்பதன்று. மேற்பூச்சில்லாமல் நின்றால் அடியில் துரு தொடங்கும். ஹார்டனர் கலந்தவற்றை அடிக்கையில் வாயில் துண்டு கட்டிக்கொள்வதும் போதாது. உரிய வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும்.

நமது தளத்துக்கு, இரண்டாம் முறை, புது டப்பாவும் அதற்குரிய ஹார்டனரும் சேர்த்தே வாங்கினோம். மறுநாள் இறுகிற்று. பின்கதவுக்கு மேற்பூச்சு அடிக்கும் முன்னரே மழை வந்துவிட்டது. சாம்பல் நிறக் கதவுடனேயே அவ்வாண்டு வண்டி மலையேறியது.