மூளையின் கதவும் சர்க்கரைத் துகளும்



ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. தந்தையாருக்குக் கைநடுக்கம் மிகுந்துவிட்டது. காப்பித் தம்ளரைப் பிடிக்க இயலவில்லை. மும்பையிலும் டில்லியிலும் வாழும் நம்மில் பலர் உடனே கேட்பது, "நல்ல மருந்து ஒன்றும் இல்லையா?" என்பதே. மருந்து இருந்தால் மட்டும் போதாது. அது மூளைக்குள் நுழைய வேண்டுமே!

1885-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக், விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். மற்ற உறுப்புகள் நிறமேறின. மூளை மட்டும் வெளுத்தே கிடந்தது. மூளைக்குச் சாயத்தில் நாட்டமில்லை என்று அவர் கருதினார். அது பிழை. அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913-இல் மூளையைச் சூழ்ந்த நீரிலேயே சாயத்தை விட்டபோது மூளை நிறமேறியது. மற்ற உறுப்புகள் தப்பின. தடை இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையில் இருக்கிறது எனப் புலனாயிற்று. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே அத்தடை. நஞ்சும் கிருமியும் புகாமல் காப்பதும் அதுவே. ஆதலின் அதனைக் குறை கூறுவதற்கில்லை.

ஆயினும் மூளை பட்டினி கிடக்க முடியுமா? உடலின் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள அது, உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைக் கேட்கிறது. குளுக்கோஸை உள்ளே அனுப்புவதற்கென்றே அச்சுவரில் தனிப் புரதங்கள் உள்ளன. அமினோ அமிலங்களுக்கும் ஒரு வழி உண்டு. நடுக்குவாதத்தில் மூளையில் குறைந்துபோகும் டோபமீனை நேரே கொடுத்தால் உள்ளே போகாது. லெவோடோபா என்னும் மூலப்பொருளோ அமினோ அமில வழியே புகுந்து, உள்ளே டோபமீனாக மாறுகிறது. புரதம் மிகுந்த உணவோடு அதனை உட்கொண்டால் அவ்வழியில் நெரிசல் உண்டாகும். மருத்துவர் உணவு வேளையைக் குறித்து வற்புறுத்துவது வீண் கண்டிப்பு அன்று.

இவ்வாறு வேடம் பூண இயலாத மருந்துகளுக்கு என்ன செய்வது? மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். அந்த அளவையால் அளக்கத்தக்க நுண்துகள்களின் மேல் குளுக்கோஸைப் பதித்து, ஜப்பானில் கட்டவோகா குழுவினர் 2017-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். எலிகளை ஒரு நாள் பட்டினியிட்டு, பின்னர் குளுக்கோஸ் கொடுத்தபோது துகள்கள் மூளைக்குள் மிகுதியாகப் புகுந்தன. ஏகாதசிப் பட்டினிக்குப் பின் துவாதசிப் பாரணை போலத்தான்!

வேறொரு சர்க்கரைப் பொருள் கைட்டோசான். கொச்சியில் வாழும் நேயர்கள் நன்கறிந்த இறால் ஓட்டிலிருந்து அதனை எடுக்கலாம். நேர்மின்னேற்றம் உடையதாகையால் மூக்கின் சளிச்சவ்வில் ஒட்டி நின்று, உயிரணுக்களின் பிணைப்பைச் சற்று நேரம் தளர்த்துகிறது. மூக்கின் மேற்பகுதியிலிருந்து முகர்வு நரம்பு நேரே மூளைக்குச் செல்வதால், இரத்தத்தின் வழியையே விட்டு விலகி மருந்தை அனுப்ப இத்துகள்களை ஆராய்கின்றனர். ஆனால் எலியின் நாசியில் ஏறத்தாழப் பாதி முகர்வுப் பகுதி; மனிதனுக்கோ 10 சதவீதத்திற்கும் குறைவு. இரத்தத்தில் செலுத்தும் துகள்களிலும் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. எலிக்குப் பலித்தது தந்தையாருக்கும் பலிக்கும் என்று நாம் இன்று கூறுவதற்கில்லை.