தாய்ப்பாலும் தொழிலாளி வர்க்கத்தின் கோரிக்கையே

(உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, பாலக்காடு – இடுக்கி எல்லைப் பகுதித் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)

விடியுமுன் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஏறி, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு வட்டாரத்து ஏலத் தோட்டங்களில் பெண் தொழிலாளரை இறக்கிவிடுகின்றன. மாலையில்தான் அவை திரும்புகின்றன. பேறு கழிந்து மூன்று மாதம்கூட ஆகாத தாயொருத்தி அந்த ஜீப்பில் ஏற நேர்ந்தால், அவளுடைய குழந்தை பகல் முழுவதும் பாட்டியின் மடியில் பாலுக்கு அழுது கிடக்கும். நண்பகலில் தாயின் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். செடி மறைவில் அதைப் பீய்ச்சி மண்ணில் விடுவாள். அதே நேரத்தில் வீட்டில் குழந்தைக்குப் புட்டிப்பால் புகட்டப்படும். குழந்தைக்குரிய உணவு மண்ணில் சிந்துகிறது; அன்றைய கூலியின் ஒரு பகுதி பால்மாவு டப்பாவிற்குப் போகிறது.

தாய்ப்பாலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தாய்க்கு அறிவுரை கூறுவதோடு நின்றுவிடுகின்றனர். அறிவுரை தேவையே. ஆயினும் அதை நிறைவேற்றுவதற்கான நேரமும் ஓய்வும் உணவும் அவளுக்குக் கிடைக்கின்றனவா என்பதே முதற்கேள்வி.

முதலில் அறிவியலைக் காண்போம். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டத் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பின்மீது தோலோடு தோல் படக் கிடத்தினால், அது தானே காம்பைத் தேடும். அறுவை சிகிச்சையில் பெற்ற தாயும், உதவிக்கு ஒருவர் இருந்தால், விரைவிலேயே பால் கொடுக்க இயலும். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காட்டினரே. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 63.7 விழுக்காட்டினர்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவிற் சிறிது. நோயெதிர்ப்பு ஆற்றலிற் பெரிது. அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைப்பதும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும் இன்னும் பல வீடுகளில் வழக்கமாக உள்ளன. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. அந்தச் சில கரண்டிப் பால் அதற்குப் போதும். மூன்றாம் அல்லது நான்காம் நாளில் பால் பெருகும். அதற்குள், 'பால் ஊறவில்லை' என்று சுற்றியிருப்போர் சொல்லும் ஒரு சொல்லே தாயின் நம்பிக்கையைக் குலைத்துவிடுகிறது. புட்டி வீட்டிற்குள் நுழைகிறது.

இறைக்கிற கிணறுதான் ஊறும். குழந்தை சப்பச் சப்பவே பால் சுரக்கும். ஆகவே இரவும் பகலுமாக நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை வரை, குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் பால் வராது, வலியும் வெடிப்புமே மிஞ்சும். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே செல்ல, முகவாய் மார்பைத் தொட, கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். வலி நீடித்தால் பிடிப்பு சரியில்லை என்று பொருள். விரலால் மெல்ல விடுவித்து மீண்டும் பிடிக்கச் செய்யலாம். ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்திற்குள் பிறப்பு எடையை மீட்டுவிட்டால், பால் போதுகிறது என்று அறியலாம். மார்பு சிவந்து காய்ச்சலும் கண்டால் மருத்துவரை நாட வேண்டும். பெரும்பாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆறு மாதம் முடியும் வரை, கோடையிலும், தண்ணீர்கூடத் தேவையில்லை. பின்னர் பிற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

வேலைக்குச் செல்லும் தாய் பாலைத் தூய பாத்திரத்தில் பீய்ச்சி வைத்துச் செல்லலாம். சாதாரண வெப்பத்தில் சுமார் நான்கு மணி நேரம் அது கெடாது. புட்டியைத் தவிர்த்து, பாலாடையாலோ சிறு கிண்ணத்தாலோ புகட்டுவதே பாதுகாப்பானது. நோயினாலோ வேறு காரணத்தாலோ பால் கொடுக்க இயலாத தாய்மாரும் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது அறியாமை. அவர்களுக்குத் தேவை மருத்துவ ஆலோசனையும் அரவணைப்பும்.

தோழர்களே, தாயின் தயக்கத்திலிருந்து இலாபம் ஈட்டும் ஒரு தொழில் உலகெங்கும் உண்டு. ஏழை நாடுகளில் பால்மாவு விற்ற முறைகளுக்கு எதிராக 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனையை நெறிப்படுத்தும் விதித்தொகுப்பை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992இல் தனிச் சட்டமே இயற்றி, 2003இல் அதை மேலும் இறுக்கியது. பால்மாவு விளம்பரம், இலவச மாதிரி, டப்பாவில் குழந்தைப் படம், மருத்துவப் பணியாளருக்கு ஊக்கப்பொருள் ஆகிய யாவும் அச்சட்டப்படி குற்றம். இச்சட்டம் இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

அட்டப்பாடியின் படிப்பினையையும் மறத்தலாகாது. அகளி, புதூர், ஷோளையூர் ஊராட்சிகளில் இருளர், முதுகர், குறும்பர் குடியிருப்புகளில் 2013இல் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தாய்மாரின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும், அவற்றால் குழந்தைகள் எடை குறைந்து பிறந்ததும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. நிலம் கைவிட்டுப் போயிற்று. நிலத்தோடு கேழ்வரகும் சாமையும் தினையும் தட்டிலிருந்து போயின. அதன் பின்னரே ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. எடை குறைந்த குழந்தைக்குச் சப்பும் வலு இராது. பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டி, மார்போடு அணைத்து வெப்பம் காக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டிய தாயே பசித்திருந்தால், 'தாய்ப்பாலே சிறந்தது' என்ற சுவரொட்டியால் ஆவதென்ன?

இனி உரிமைகள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண் தொழிலாளரோ அவர்களுடைய குழந்தைகள் 20 பேரோ உள்ள தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. இலங்கை மலையகத் தமிழர் அதைப் 'பிள்ளை மடுவம்' என்பர். 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அளித்தது. 2017இல் ஊதியத்தோடு கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. இரு குழந்தைகள் ஏற்கெனவே உள்ளவர்க்கு அது 12 வாரமே. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் விடுப்பும் இடைவேளையும் இடம்பெற்றுள்ளன. தொகுப்புகளை எதிர்த்துப் போராடும் தொழிற்சங்கங்கள், ஏட்டில் எஞ்சியுள்ள இவ்வுரிமைகளை நடைமுறையில் பெற்றுத் தருவதும் போராட்டத்தின் பகுதியே.

கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். 26 வாரத்தில் எட்டு வாரத்தைப் பேற்றுக்கு முன்னரே எடுத்தால், பின்னர் எஞ்சுவது 18 வாரம், அதாவது ஏறத்தாழ நான்கு மாதம். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே தேவைப்படுவதோ ஆறு மாதம். நிறைமாதத்தில் சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தால்தான் குழந்தைக்கு ஆறு மாதப் பால் கிட்டும் என்னும் நிலையை எந்தச் சங்கமும் இயல்பாகக் கொள்ளக் கூடாது. நிரந்தரத் தொழிலாளியின் நிலையே இது. ஏலத் தோட்டத்து அன்றாடக் கூலிக்கும், சிற்றூர், கொழிஞ்சாம்பாறை வயல்களில் நாற்று நடுவோர்க்கும் இவ்விடுப்பு எட்டாக்கனியே. எல்லைக்கு அப்பால் வீடும் இப்பால் வேலையும் உள்ள தாய், அங்கே உதவித்தொகை பெற்றாலும், வேலையிடத்தில் காப்பகம் கேட்க வழியில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் நாட்கூலியும் கேட்டனர். அன்றைய கூலி 232 ரூபாய். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அவ்வெழுச்சி, நிர்வாகத்தை மட்டுமின்றித் தொழிற்சங்கத் தலைமைகளையும் கேள்விக்குள்ளாக்கியது. கொழுந்து பறிப்போர் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் அமர்வோர் ஆண்கள் என்ற நிலை ஏன் என்பது அக்கேள்வியின் சாரம். கசப்பானது எனினும் நியாயமான கேள்வி அது. கூலி உயர்வோடு காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரிசைக்கு வராத வரை, அக்கேள்வி விடை பெற்றதாகக் கொள்ள முடியாது.

ஆகவே கிளைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகள் சில உள்ளன.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் கருவுற்ற, அண்மையில் பேறு கண்ட தாய்மாரின் பெயர்களை அறிந்து, ஆஷா, அங்கன்வாடி ஊழியரோடு அவர்களை இணைக்க வேண்டும். பேறு கண்ட முதல் வாரத்தில், குழந்தை வளர்த்த அனுபவமுள்ள பெண் தோழர் ஒருவர் வீட்டிற்குச் சென்று அருகிலிருந்து உதவுதல் நலம். யாருமற்ற அந்த நாட்களில் தாய் பாலை நிறுத்திவிட நேரலாம். மலையாளம் அறியாத தாயோடு மருத்துவமனைக்குச் செல்ல இருமொழியும் அறிந்த ஒருவரை ஏற்பாடு செய்தல் வேண்டும். செவிலியர் சொல்வது புரியாமல் தலையாட்டிவிட்டு வருவதால் இழப்பு குழந்தைக்கே. காப்பகம் இல்லாத தோட்டங்களின் பட்டியலைத் தொகுத்துத் தொழிலாளர் துறைக்கு எழுத்துமூலம் அளிக்க வேண்டும். ஏலத் தோட்டங்களுக்கு ஆள் செல்லும் ஊர்களில், எல்லையின் இருபுறச் சங்கங்களும் சேர்ந்தே இக்கோரிக்கையை எழுப்புதல் அவசியம்.

இறுதியாக, ஆண் தோழர்களுக்கு. பால் கொடுக்கத் தாயால்தான் இயலும். தண்ணீர் சுமக்கவும், சோறாக்கவும், துணி துவைக்கவும், இரவில் அழும் குழந்தையைத் தோளில் போட்டு உலாத்தவும் தந்தையாலும் இயலும். கூட்டம் முடிந்து வீடு திரும்பும் தோழர், பச்சிளங் குழந்தை உள்ள வீடெனில், இன்றிரவே அடுப்படியிலிருந்து தொடங்கலாம்.