வயலின் தாளமும் சோபானப் படியும்
(திருவனந்தபுரம், பழவங்காடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காவாலம் நாராயணப் பணிக்கரைப் பற்றி நம்மிடையே இரு கருத்துகள் உண்டு. நாடகத்தை அரசியலிலிருந்து பிரித்துக் கோயில் மதிலுக்குள் கொண்டுசென்றவர் என்பது ஒன்று. இந்திய நாடகத்துக்கு வேர் கண்டவர் என்பது மற்றொன்று. இரண்டுமே அவருடைய இசையைக் கணக்கில் கொள்ளாதவை.

1928இல் குட்டநாட்டின் காவாலம் கிராமத்தில் பிறந்த பணிக்கர் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1961இல் கேரள சங்கீத நாடக அகாதமியின் செயலாளராகித் திருச்சூர் சென்றார். 1974இல் இந்நகருக்கு வந்தார். ஆனால் அவருடைய இசைக்கல்வி குட்டநாட்டிலேயே தொடங்கிவிட்டது. கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் வயல்கள் அவை. சக்கரம் மிதித்து நீர் இறைத்த தலித் உழைப்பாளிகள் சக்கரப்பாட்டின் தாளத்துக்கே கால் மாற்றினர். மறுபுறம் சோபான சங்கீதம்; கருவறைப் படியருகே நின்று, இடைக்கா முழங்க, மாரார் போன்ற சாதியினர் பாடியது. வயலில் பாடியவர் அந்தப் படியை நெருங்கவே 1936ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. அப்போது பணிக்கருக்கு எட்டு வயது. இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள பத்மநாபசுவாமி கோயிலின் கதவும் அன்றுதான் அவர்களுக்குத் திறந்தது.

இவ்விரு இசைகளையும் ஒரே மேடையில் ஏற்றியதே பணிக்கரின் சாதனை. 1952இல் கே.பி.ஏ.சி. அரங்கேற்றிய, தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தில் ஓ.என்.வி.யின் வரிகளும் தேவராஜனின் இசையும் கேரளத்தையே அசைத்தன. எனினும் அங்கே நாடகத்தை நடத்திச் சென்றது உரையாடல். பணிக்கரிடம் தாளம் நடத்திச் செல்கிறது. 1975இல் அரவிந்தன் இயக்கிய ‘அவனவன் கடம்பா’வில் ஆட்டக்காரரும் பாட்டுக்காரருமே பாத்திரங்கள், நெடுமுடி வேணுவும் கோபியும் அதில் நடித்தனர். தாளச் சொற்கட்டாகிய வாய்த்தாரியே அங்கு வசனத்தின் வேலையையும் செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய முடியும்? வசனத்தைத் தமிழாக்கலாம், வாய்த்தாரியை அப்படியே எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைக்க வேண்டியதுதான்.

குறையையும் சொல்லியாக வேண்டும். ‘மத்யம வியாயோகம்’, 1984இல் ‘கர்ணபாரம்’, 1988இல் ‘ஊருபங்கம்’ என அவர் பாசனின் வடமொழி நாடகங்களை நோக்கி நகர்ந்தார். பரிசுகளும் பத்மபூஷணும் வந்தன. வயலின் தாளம் மேடையில் நின்றது; வயலின் மனிதர் இறங்கிவிட்டார். 2016இல் அவர் மறைந்தபோது எழுந்த புகழுரைகளில் இவ்விழப்பை நான் அதிகம் காணவில்லை.

அதற்காக அவரைப் பழமைவாதிகளின் கணக்கில் எழுதிவிடுவது நமக்கே நட்டம். கோயில் பெற்ற புரவலர்களைச் சக்கரப்பாட்டு பெறவில்லை. சக்கரத்தின் இடத்தை மோட்டார் பிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதை மிதித்த கால்களில் சில இன்னும் குட்டநாட்டில் இருக்கக்கூடும். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களைத் தேடிப் போகட்டும். இந்த மழைக்காலத்துக்கு முன்பே போகட்டும்.