கேக் வேகும் நேரத்தில் ஓர் அத்தியாயம்



1628ஆம் ஆண்டிலே புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் வழிவந்தோராய், மட்டக்களப்பு வாவிக்கரையில் இன்றும் வாழும் பறங்கியர் இல்லங்களிலே நத்தார்க் காலத்தில் தயாராகும் லவ் கேக், ரவை, கஜு, முட்டை, சீனி, பன்னீர் ஆகியவற்றைப் பக்குவமாய்க் கலந்து, மிதமான சூட்டிலே ஒரு மணி நேரத்துக்கு மேலாக வேகவைக்க வேண்டிய பண்டமாகும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேற்புறம் கருகும். உட்புறம் பதம் பெறாது. அந்தக் காத்திருப்பை வீணே கழியவிடாமல், ஒரு நூலின் ஓர் அத்தியாயத்தை வாசிக்கும் நியமமாக்கிக் கொள்வோமாயின், கைத்திறனும் கல்வியும் ஒருங்கே வளரும்.

எந்த நூலை வாசிப்பது என்பதற்கு நம் மண்ணிலேயே விடை உண்டு. 1892இல் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், ஏறத்தாழ 14 ஆண்டுகள் சிரத்தையோடு ஆராய்ந்து 1947இல் அரங்கேற்றிய ‘யாழ்நூல்’, பண்டைத் தமிழரின் யாழ் வகைகளையும் பண்களையும் கணித நுட்பத்தோடு விளக்குவது. ஆதலால், சிறிது சிறிதாகவே கற்கத்தக்கது. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நம் பிரதேசத்தின் பண்பாட்டை எடுத்துரைப்பதால், இளையோர் தொடங்குவதற்கு உகந்தது.

ஆகவே, ஞாயிறுதோறும் கேக் வேகும் வேளையிலே பிள்ளைகளை அருகிருத்தி, ஓர் அத்தியாயத்தை உரத்து வாசிப்பதெனச் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். பெரியோர் தவமாய் இயற்றிய நூல்கள் அலுமாரியில் உறங்குவதற்கல்ல, நம் சிந்தையிலே வாழ்வதற்கே எழுந்தவை.