ஆய்வு மாணவருக்கும் கைகொடுப்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நமது பள்ளி இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஹிஜ்ரி 150இல் மறைந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரின் துணி வணிகர். அன்னாரின் கல்விச் சபையில் ஏழை மாணவராக அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் பயின்று வந்தார்கள். குடும்ப வறுமையால் அவர்களின் வருகை தடைப்பட்டது. காரணத்தை அறிந்த இமாமவர்கள் நூறு திர்ஹம் கொண்ட பையைக் கொடுத்து, தீர்ந்ததும் தெரிவிக்குமாறு கூறினார்கள். பின்னர் கேட்குமுன்பே கொடுத்து வந்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்மாணவரே ஆசிரியரின் சட்ட ஆய்வுகளைப் பதிவுசெய்து பரப்பினார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியாகி, ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலையும் இயற்றினார்கள்.

இன்று பேராசிரியர்களின் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளராக உழைக்கும் மாணவர்களைப் பாருங்கள். ஆய்வுக்கூடச் சோதனை, கள விவரச் சேகரிப்பு, கணக்கீடு ஆகியன அவர்களின் பணி. திட்டத்திற்கு வரும் மானியத்திலிருந்தே அவர்களுக்கு ஊதியம். மானியம் தாமதித்தால் ஊதியமும் தாமதிக்கும். திட்டம் முடிந்தால் பணியும் முடியும். தேசியத் தகுதித் தேர்வு வழியே இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் எனத் தொகை உயர்த்தப்பட்டது. ஆனால் அத்தகுதியை அடைவோர் சிலரே. சிறுபான்மை மாணவருக்காக மத்திய அரசு 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது.

கல்லூரியில் சேரும் பிள்ளைக்குக் கட்டணம் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே பிள்ளை முதுகலை முடித்து ஆய்வுக்குச் செல்லும்போது, “இன்னும் எத்தனை காலம் படிப்பு?” என்று கேட்கிறோம். வீட்டின் தேவைக்காக ஆய்வைப் பாதியில் விட்டவர் மீண்டும் அங்கே திரும்புவது அரிது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஊதியம் தாமதிக்கும் மாதங்களில் பைத்துல்மாலிலிருந்து கர்ளன் ஹஸனா வழங்குவோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு ஜகாத்தையும், ஏனையோருக்கு ஸதகா நிதியையும் தனித்தனிக் கணக்கில் கொடுப்போம். ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே அளவுகோலைக் கொள்வோம்.

கேட்குமுன் கொடுத்த இமாமவர்களின் வழியில் நடக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.