கட்டிலுக்கு அடியில் ஒரு விருந்தாளி

மழையில் நனைந்து கிடந்த தெருப்பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அது நேரே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். இழுக்காதீர்கள். முதலில் ஓர் அறை போதும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, தண்ணீர், சற்றுத் தள்ளி மலங்கழிக்க ஒரு மணல் தட்டு. கடையில் வாங்கிய மணலைச் சீண்டவில்லையா? தோட்டத்து மண்ணைக் கொஞ்சம் கலந்து பாருங்கள், தானாகவே குழி பறிக்கும்.

பூனைக்குப் பால்தானே என்பீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். உப்புப் போடாமல் வேகவைத்த மீனை முள் எடுத்துக் கொடுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டையும் முடித்துவிடுங்கள்.

இரவில் கதவைப் பார்த்துக் கத்தும். கருத்தடை செய்தால் பெரும்பாலும் அடங்கும். அதுவரை பக்கத்து வீட்டாரிடம் கொஞ்சம் சிரித்துப் பேசிவையுங்கள்!