பழைய விளையாட்டின் இசையும் கணிப்பொறியின் எழுத்தும்
(சங்க ஆண்டு விழாவில் ஆட்சிக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



விழா நிரலைக் கண்ட அன்பர் பலர் நான்காம் நிகழ்ச்சியைச் சுட்டி, "இஃதென்ன புதுமை?" என்று எங்களை வினவினர். நம் காலனியில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி, கணிப்பொறியின் முன் அமர்ந்து, பழைய வீடியோ விளையாட்டொன்றின் இசையை உங்கள் கண்முன்னே எழுதி எழுதி ஒலிக்கச் செய்யப்போகிறாள். உண்மையை மறைப்பானேன்? அவள் விண்ணப்பத்தை முதலில் நாங்களும் மறுத்துவிட்டோம். தமிழ்ச் சங்க மேடையில் ஜப்பானிய விளையாட்டின் பாட்டுக்கு என்ன வேலை என்பதே எங்கள் எண்ணமாயிருந்தது. எனினும், ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பிற்கு வரும் பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைந்துவரும் வேளையில், தானே வந்து மேடை கேட்ட ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவதா என்று துணைச் செயலாளர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. நேரில் சென்று கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று, மிருதங்க ஆசிரியரையும் உடனழைத்துக்கொண்டு அவள் இல்லம் சென்றோம்.

அவள் எடுத்துக்கொண்டது 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டின் இசை. அதனை அமைத்தவர் கோஜி கோண்டோ. 1983இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோ பெட்டிக்காக அவர் அதனை இயற்றினார். அப்பெட்டிக்குள் ஒலிக்கென இருந்த வழிகள் ஐந்தே. இரண்டு வழிகள் மெட்டைப் பாடும் சதுர அலைகள். மூன்றாவது முக்கோண அலை. அது கீழ்ச்சுருதியில் துணை நிற்கும். அதன் ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஒலிக்கும், அல்லது ஓயும், அவ்வளவே. நான்காவது வெறும் இரைச்சல். அதனைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் தாளம் அமைத்தார்கள். ஐந்தாவது, பதிவு செய்த சிற்றொலிகளுக்கானது. விளையாட்டு முழுவதும், படமும் இசையும் சேர்ந்து, 40 கிலோபைட்டில் அடங்கிற்று. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கே இதைப்போல் பன்மடங்கு இடம் வேண்டும்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாரியோ துள்ளும்போது எழும் ஒலிக்குத் தனி வழி இல்லாமையால், அது பாட்டிடமிருந்து ஒரு வழியைச் சற்றே பறித்துக்கொள்ளும். ஒரே நடிகர் இரு வேடம் பூணும் சிறு நாடகக் குழுவின் நிலைதான் அந்தப் பெட்டிக்கும்.

இனி, அவள் செய்யும் முறை. நிரலை எழுதி முடித்துப் பின்னர் ஓடவிடுவது வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலைத் திருத்தி இசையை மாற்றுவதும், அவ்வெழுத்தை அவையோர் காணத் திரையில் காட்டுவதும் இக்கலையின் நெறி. இதனைப் பயில்வோர் 2004இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கூடி 'டாப்லாப்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் என்பவர், பள்ளிப் பிள்ளைகளும் கையாளத்தக்க 'ஸானிக் பை' என்னும் மென்பொருளை 2012இல் உருவாக்கத் தொடங்கினார். அது விலையின்றிக் கிடைக்கிறது. நாம் கூறிய பழைய பெட்டியின் சதுர அலையும் முக்கோண அலையும் இரைச்சலும் அதனுள் ஆயத்தமாகவே வைக்கப்பட்டுள்ளன.

நமக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. கருநாடக இசை நூல்களில் சுரத்தை எழுத்தாகவும், அதன் நீட்சியைக் காற்புள்ளியாகவும் அரைப்புள்ளியாகவும் அச்சிடுவதை நாம் அறிவோம். சுர எழுத்தைத் தந்தால் கமகத்தோடு ஒலிக்கும் 'காயகா' என்னும் மென்பொருளை எம். சுப்பிரமணியன் ஆக்கியுள்ளார். நம் பெங்களூரிலேயே, குழலிசைக் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கிக் காட்டினார். அதனையும் அந்நாளில் ஐயத்தோடு பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அத்தகைய கருவி இல்லாத பாட்டு வகுப்பைக் காண்பது அரிது.

நிற்க. அன்று நிகழ்ந்ததைச் சொல்லியாக வேண்டும். சிறுமி நான்கு சுழல்களை ஒவ்வொன்றாக எழுதினாள். மெட்டு எழுந்தது, துணை மெட்டு சேர்ந்தது, பின்னர்க் கீழ்ச்சுருதியும் தாளமும். சிறிது நேரத்தில் ஏதோ நெருடியது. எங்களுக்குக் காரணம் விளங்கவில்லை. மிருதங்க ஆசிரியர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டபடி இருந்தார்.

"குழந்தாய், உன் மூன்றாம் ஆள் சுற்றுக்குச் சுற்று முந்துகிறான். நான்கு சுற்று முடிவதற்குள் ஓர் எண்ணிக்கையையே விழுங்கிவிட்டான்" என்றார்.

"எல்லாச் சுற்றுக்கும் எட்டுத்தானே தாத்தா போட்டிருக்கிறேன்?"

"எண்ணிப் பாரம்மா."

எண்ணினாள். ஓரிடத்தில் அரைக்குப் பதில் கால் என்று எழுதியிருந்தாள். ஆகவே அச்சுழல் எட்டுக்குப் பதில் ஏழே முக்காலில் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்தாமலே அவ்வொரு எண்ணை மாற்றினாள். திருத்தம் நடுவில் புகவில்லை. அடுத்த சுற்றின் தொடக்கத்திலேயே அமர்ந்தது. "ஆவர்த்தனம் பார்த்து நடை மாற்றுகிறதே!" என்று ஆசிரியர் வியந்தார். முந்திய எண்ணிக்கையைப் பொருத்தி மூன்றாம் சுழலை மீண்டும் இணைக்கும் வழியை இருவரும் தாளில் எழுதிப் பார்த்தனர். நாங்கள் காப்பி ஆறுவதையும் மறந்து அமர்ந்திருந்தோம்.

அறையின் வாயிலில் அவள் பாட்டியார் நின்றிருந்தார். 1990களில் நம் வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய பெட்டிகள் பலவும் அந்த ஜப்பானியப் பெட்டியின் நகல்களே என்பது பலருக்கு நினைவிருக்கும். "இந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்றுதான் இவளுடைய அப்பனின் கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இது ஒரு பாட்டு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது" என்றார் அம்மூதாட்டி. மகனார் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகும் சாவி கிடைக்கவில்லையே அம்மா" என்றார். அவ்வாண்டு அதேபோல் பூட்டிய பீரோக்கள் எங்கள் வீடுகளிலும் இருந்தன.

ஒப்புதல் அன்றே அளித்தோம். ஒரு நிபந்தனையை ஆசிரியர் விதித்தார்: தாம் பக்கத்தில் மிருதங்கத்தோடு அமர வேண்டும் என்பதே அது. சிறுமியும் ஒரு நிபந்தனை விதித்தாள்: தவறு நேர்ந்தால் திரையை மறைக்கக் கூடாது, அவையோர் முன்னிலையிலேயே திருத்துவேன் என்றாள். இரண்டையும் ஏற்றோம்.

நிகழ்ச்சி இன்னும் சில நிமிடங்களில் தொடங்கும். திரையின் எழுத்துகள் பின்வரிசைக்கும் தெரிய வேண்டியிருப்பதால், முன்வரிசையில் உள்ளோர் எழுந்து நிற்காதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பாட்டியாருக்கு நடுவில் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது.